அடைகிடக்கிறவன்

பனங்காமக் குளத்து அலைகரையில்
மாட்டுக்குப் புல் அறுக்கக் குனிந்தேன்.
கத்திக்கு ஒரு சாண் முன்னால்
காய்ந்த கோரைப் பற்றை ஒன்று
கண் சிமிட்டியது.

கோரை இல்லை, உள்ளான்.
சேற்று நிறம், சருகு நிறம்,
செட்டையில் மட்டும் யாரோ
சில்லறை சிந்தியதுபோல் மஞ்சள் பொட்டுகள்.
ஓடவில்லை.
ஒரு செட்டையை விரித்து எனக்கு நேரே பிடித்து
வாலை விசிறியாக்கிச் சீறியது,
சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தத்தில்.
கத்தி என் கையில்தான் இருந்தது.
பின்வாங்கியதும் நான்தான்.

வயிற்றுக்குக் கீழே நாலு முட்டை.
களிமண் மஞ்சளில் கறுப்பு மை கொட்டித்
துடைக்காமல் விட்டவை.

"பாவம், தாய்" என்றேன்.
வள்ளத்தில் வலை உதறிக்கொண்டிருந்த
மரியநாயகம் சிரித்தார்.
"தாயோ? அது தேப்பனடா.
தாய் அங்கால நிக்கிறா, பார்."

அங்கால் நின்றவளுக்குக்
காய்ச்சிய பனங்கட்டி நிறத்தில் கழுத்து.
கண்ணைச் சுற்றிப் பின்னுக்கு இழுத்த வெள்ளைக் கோடு.
தோளில் வெள்ளைப் பட்டி ஒன்று,
பள்ளிக்கூடப் பையினது மாதிரி,
முதுகுக்குப் போய் மறைந்தது.
பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டியபடி
நுனி வளைந்த சொண்டால் சேற்றைக் குத்தினாள்.
கூட்டின் பக்கம் திரும்பவேயில்லை.

"முட்டையை இட்டுக் குடுத்திட்டு
அடுத்த ஆளைத் தேடிப் போயிடுவா"
என்றுவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் புல்லைப் பார்த்தேன்.

நிறைமதியின் காமென்ற் பஸ் விடிய நாலரைக்கு.
திரும்பும்போது இருட்டிவிடும்.
இடைப்பட்ட பகலில்
சோறு, மாடு, சின்னவளின் சளி,
ஆரூரனின் கொப்பிகளுக்கு உறை.
சந்திக் கடையில் எனக்கொரு பட்டப்பெயர் இருக்கிறது.
அதை இங்கே எழுதமாட்டேன்.

பகலில் அசையாத பறவைகள்.
மம்மலானதும் அவள் குரல் எடுப்பாள்.
வெறும் சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் வருமே, அது.
கூ, கூ, கூ,
முப்பது நாற்பது தரம் விடாமல்.
ஆரூரன் போத்தலோடு கட்டில் ஏறி நின்று
ஒருநாள் திருப்பி ஊதினான்.
குளம் ஓய்ந்தது.
பிறகு இரண்டு மடங்கு பலத்தில் பதில் வந்தது.
"என்னப்பா சொல்லுது?"
"வேற பொம்பிளை வந்திட்டாள் எண்டு நினைக்குது."

சித்திரைக் கடைசியில் இடியோடு இரண்டு இரவு மழை.
கூட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில்
நாலு விரல் இருந்தது,
பிறகு இரண்டு,
பிறகு என் சின்னவிரல் மட்டும்.
தூக்கி மேட்டில் வைக்கக் கை நீண்டது.
தொட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவானோ
என்று மடக்கிக்கொண்டேன்.
அவன் எழும்பவில்லை.
முதுகில் விழுந்த மழை பொட்டுப் பொட்டாக வழிந்து
அவனைச் சுற்றி இறங்கியது.
குடையோடு நின்ற என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை.

நான் எண்ணியதில் பத்தொன்பதாம் நாள்
கூட்டில் ஓடுகள்.
பன்னுக்குள் அவன்,
பின்னால் முதுகில் கோடு கீறிய
பஞ்சு உருண்டைகள் மூன்று.
பருந்தின் நிழல் விழ
மூன்றும் அவன் செட்டைக்குள் போயின,
கால்கள் மட்டும் வெளியே.

நாலாவது முட்டை
கூட்டிலேயே குளிர்ந்து கிடந்தது.
சட்டைப் பையில் போட்டேன்.
மறந்தும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில்
நிறைமதி பையைப் பிதுக்கினாள்.
"சீ, இதென்ன மணம்?"
முதலிலிருந்து எல்லாம் சொன்னேன்,
மரியநாயகம் பார்த்ததைத் தவிர.
கேட்டபடியே தும்மினாள்,
கேட்டபடியே சிரித்தாள்.
சட்டையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுப் பிழிந்தாள்.

அன்று மம்மலில்
போத்தல் ஊதும் சத்தம் வேறொரு பக்கத்திலிருந்து,
துருசுக்கு அங்காலே, வந்தது.
"உதுவோ?" என்றாள்.
"உதுதான்."
நாலரைப் பஸ்ஸுக்கு
அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாள்.