முள் இருந்த இடம்

அக்டோபரில் ஜும்ஷெர் நான்கு கேன்கள் கொண்டுவந்தான்,
திராட்சை மதுவின் வாடை இன்னும் போகாதவை.
உள்ளே மஷாவேரா ஆற்று வாய்க்கால் நீர்,
அவனுடைய முட்டைக்கோசு குடித்தது போக மிச்சம்.
பார்த்தால் தெளிவு.
அதுதான் தொல்லை.

நஞ்சை எடுக்க முதலில் நஞ்சைப் போடவேண்டும்.
மக்வாலா தராசின் கண்ணாடிக் கதவை மூடி
காட்மியம் உப்பை நிறுத்தாள், மூச்சை அடக்கிக்கொண்டு.
வாசலில் நின்றவன் கேட்டான்:
"எங்களிடம் இருப்பது போதாதா?"
அவள் நிமிரவில்லை. எண்ணை மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஒவ்வோர் அயனியைச் சுற்றியும்
திரவம் கைகோத்து நின்று
அறுபது டிகிரியில் இரவெல்லாம் இறுகும்.
காலையில் குடுவைக்குள் வெள்ளைக் கட்டி,
சந்தையில் விற்கும் இமெருலி பாலாடைக்கட்டிபோல.
உடைத்து, அரைத்து, சலித்து
அமிலத்தில் அலசுவது என் வேலை.
பதினோரு தரம்.
அலசிய நீரில் காட்மியத்தின் பேச்சே இல்லையென்று
கருவி ஒத்துக்கொள்ளும்வரை.

பிறகு எஞ்சுவது குழி.
ஆள் எழுந்துபோன பின்னும்
மெத்தையில் நிற்கும் பள்ளம்.
முள்ளை முள்ளால் எடுப்பது என்று
சொல்லிவிட்டுப் போகலாம்தான்.
இது அப்படியல்ல.
முள் இருந்த இடத்தைக் கொண்டு
முள்ளை எடுப்பது.

முதல் தடவை தோற்றோம்.
மலைநீரில் சுண்ணாம்பு அதிகம்.
கால்சியமும் காட்மியமும் ஏறக்குறைய ஒரே பருமன்;
அந்தச் சாடையைக் காட்டித்தானே
எலும்புக்குள்ளும் நுழைகிறது அது,
மருமகன் சட்டையில் வந்த திருடன்.
இங்கே கதை தலைகீழ்:
நாங்கள் திருடனுக்கு வைத்த குழிகளில் எல்லாம்
சாதுவான கால்சியம்
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.
டிசம்பர் முழுக்க மக்வாலா யாரோடும் பேசவில்லை.

அளவு மட்டும் போதாது, ஆசையும் தெரியவேண்டும்.
குழிச்சுவரில் கந்தகம் பதித்தோம்.
காட்மியத்துக்கு அதன்மேல் பித்து.
கால்சியத்துக்கு அது கண்ணிலேயே படாது.
அழுகிய முட்டை நாற்றம்;
மேல்தளத்து இயற்பியல்காரர்கள்
இரண்டு புகார் எழுதினார்கள்.

மார்ச்சில், மூக்கைப் பொத்தியபடி, நீரை விட்டோம்.
கால்சியம் நில்லாமல் நடந்தது.
துத்தநாகம் எட்டிப் பார்த்தது, கொஞ்சம் தங்கியும் விட்டது,
பொய் சொல்ல மாட்டேன்.
காட்மியம் உட்கார்ந்தது.

வாய்க்கால் முழுமைக்கும் எத்தனை கிலோ வேண்டும்
என்று ஜும்ஷெர் கேட்டான்.
கணக்குப் போட்ட தாளை
மக்வாலா அவனிடம் காட்டவில்லை.
அவன் வருவதை நிறுத்தவும் இல்லை.
ஜூன்வரை அறுபது கேன்,
சுரங்கத்தின் வடிகாலிலிருந்தே மொண்டு.

துகளை மீண்டும் அலச, அமிலத்தில் இறங்கியதை
வடித்து உலர்த்தி வைத்தேன்.
விரல்நுனி அளவு உப்பு.
அந்த வாரம் பார்சல் வரவில்லை,
விலைக்கு வாங்கிய புட்டி காலி.
மக்வாலா என் புட்டியைத் திறந்து
அடுத்த வார்ப்புக்கு நிறுத்தாள்.

லேபிளில் ஆற்றின் பெயர்.
ஜும்ஷெர் அதை வெளிச்சத்தில் பிடித்து
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"போதுமாயிற்றே," என்றான்.