இசக்கியும் ஐசக்கும்

மூவாயிரம் சொல். பன்னிரண்டு புள்ளி எழுத்து.
பத்தாம் தேதி மாலை ஐந்துக்குள்.
எதில் அடிப்பது என்று மட்டும்
எந்தத் தாளிலும் போடவில்லை.

பகலில் செம்பூரில் ஒரு பல் டாக்டரின் வாசலில்
வருகிறவர் பெயரையும் வலிக்கும் பல்லையும் குறித்துக்கொள்கிறேன்.
மாலையில் கலினாவில் சமூகவியல், முதலாண்டு.
முப்பத்து நாலு வயதானாலும்
மாணவர் தள்ளுபடி உண்டாம்.
அதற்குப் பல்கலைக்கழக மின்னஞ்சல் வேண்டும்.
மின்னஞ்சல் தருகிறவர்
மகள் கல்யாணத்துக்கு நாசிக் போயிருக்கிறார்.

மேகத்தில் எழுது, காசே இல்லை என்றாள் பிராச்சி.
எழுதினேன்,
ஒரு கை கம்பியில், ஒரு கட்டைவிரல் கண்ணாடியில்.
மான்குர்த் தாண்டிப் பாலம் ஏறியதும்
சேமிக்கிறேன் சேமிக்கிறேன் என்று
சுற்ற ஆரம்பித்தது வட்டம்.
ஜன்னலுக்கு வெளியே ஆடி மாதத்து மேகம் ஏராளம்.
என் இரண்டு பத்திதான் எங்கேயும் இல்லை.

லேமிங்டன் ரோட்டில் இருநூறு ரூபாய்க்கு
ஒரு பென்டிரைவ் கிடைத்தது.
"லைஃப்டைம் மேடம்" என்றான் பையன்.
யாருடைய லைஃப் என்று நான் கேட்கவில்லை.
பதினோரு நாள் ஓடியது.
நான் பேட்டி எடுத்தது
சீட்டா கேம்பில் இசக்கியம்மாளை.
என்னைவிட ஐந்து வயது இளையவள்,
அட்டையில் கிளிப் கோத்துக் கொடுப்பவள்,
குரோசுக்கு ஒன்பது ரூபாய்.
ஆங்கிலத்தில் அவள் பெயரை அடிக்க அடிக்க
ஐசக் ஐசக் என்று
திருத்திக்கொண்டே வந்தது அது.
ஒன்பதாம் பக்கத்தில் ஐசக்
இரண்டாம் பிரசவத்துக்கு சயான் ஆஸ்பத்திரி போகிறார்.

தம்பியின் பழைய மடிக்கணினியில்
இலவசமானது ஒன்று இருந்தது.
திறப்பதற்குள் அரிசி களைந்து உலை வைத்துவிடலாம்.
பெயரை விட்டுவைத்தது.
அவள் சொன்னதைத் தமிழிலேயே போட்டு
அடியில் மொழிபெயர்ப்புப் போட்டேன்.
கோவண்டி ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடையில்
அச்சாகி வந்தபோது
அவள் சொன்னது முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம்,
வரிசை வரிசையாக.

படித்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.
தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது எங்க லைன் வீடு மாதிரில்லா இருக்கு!"
ஒரு கட்டத்தில் விரல் வைத்து
"இதுல நான் இருக்கேன்.
பக்கத்துல ரோசாப்பூ. இந்தா இது கக்கூஸு,
இதுக்குத்தான் சண்டை" என்றாள்.
கிளிப்பெல்லாம் கொட்டச் சிரித்தோம்.
பிறகு கேட்டாள்:
"அப்ப நான் பேசினது எங்கக்கா?"

இரவு ஒன்றரைக்குக் கண்டுபிடித்தேன்,
கோப்பின் குணங்கள் என்ற பட்டியலுக்குள்
யாரும் போகாத மூன்றாவது மடிப்பில்
தூசி தட்டாத ஒரு சின்னச் சதுரம்:
எழுத்துருவை உள்ளேயே வைத்துச் சேமி.
டிக் போட்டேன்.
கோப்பு நாலு மடங்கு கனத்தது.

எது நல்லது என்று வகுப்பில் கேட்கிறார்கள்.
மெதுவானது என்கிறேன். சிரிக்கிறார்கள்.
சொற்கள் மூவாயிரத்துப் பதினாறு என்கிறது இது,
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்கிறது
பிராச்சியினுடையது.
இரண்டையும் விட்டுவிட்டு
கையால் எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
பல் டாக்டர் வாசலில்,
ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
என் முன்னால் நிற்பது தெரியாமல்.