மைனஸ் ரெண்டு புள்ளி எட்டு

முப்பத்தோரு வருசமா
மூலைக்கரைப்பட்டி சொசைட்டியில்
நம்பர் போடுறது நாந்தான்.
விடியக்காலம் நாலே முக்காலுக்கு
கேன் மூடி தெறக்குற சத்தத்தோட
கொழுப்பு மூணு புள்ளி ஒம்பது,
இதரச் சத்து எட்டு புள்ளி ரெண்டு,
ஓய் பட்டமுத்து, உம்ம பாலுக்குள்ள
கிணறு எட்டிப் பாக்கு.

நேத்து பாளையங்கோட்டையில
மிஷினுக்கு அடியில படுக்கப் போட்டு
எனக்கு ஒரு நம்பர் போட்டாவ.
மைனஸ் ரெண்டு புள்ளி எட்டு.
மைனசுல வந்த பாலை
நான் பாத்ததே இல்லை.

"பால் குடிப்பீங்களாம்மா?"
டாக்டரம்மா கேக்கவும் சிரிப்பு வந்துட்டு.
கையில பால் வாசம் போகாதவ
குடிச்சது பூரா கடுங்காப்பி.
தொண்டையில ஊத்துனா
லிட்டருக்கு முப்பத்தஞ்சு யாரு தருவா?

விரல் முட்டு வேற வீங்கிக் கெடக்கு.
"தயிரைத் தொடாத, நீர் கோத்துக்கிடும்"ன்னு
மைனி உலகம்மை.
"வீக்கம் வேற, எலும்பு வேற.
தயிர் தின்னு வீக்கம் கூடுனதுக்கு
பெருசா ஆதாரம் இல்லை,
ஒத்துக்கிடலைன்னா விட்டுப் பாருங்க"ன்னு
டாக்டரம்மா.
ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு
பஸ் ஏறுனேன்.

வீட்டுல சிவப்பி விழுந்து கெடக்கு.
கன்னு போட்டு ரெண்டாம் நாள்.
காது சில்லுன்னு,
கழுத்து விலாப் பக்கம் மடங்கி.
மாட்டு டாக்டர் ஞானதுரை
பைக்கை நிறுத்தாமலே சொன்னாரு:
"ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம்
மடிக்கு எறங்கிட்டு."
கழுத்து நரம்புல ஊசி.
பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சவ நான்,
இந்த விரலை வச்சிக்கிட்டு,
தோள் கழண்டு விழுற வரைக்கும்.

பாட்டில் தீரும் முன்னே
நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணியும் போட்டு
எந்திச்சு நின்னுட்டு சிவப்பி.
குத்தவச்ச நான் எந்திக்கத்தான்
தொழுவத்துக் கம்பைப் பிடிக்க வேண்டியிருந்துச்சு.

"ரெண்டு மூணு நாளைக்கு
ஒட்டக் கறந்துராதீங்க,
கொஞ்சம் மடியிலயே கெடக்கட்டும்"ன்னாரு போறப்போ.

மூணு பிள்ளை பெத்தேன்.
இந்த ஒரு வார்த்தையை
எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கலை.

இன்னைக்குக் காலம்பற
மத்த மாட்டுப் பாலை ஊத்தி நோட்டுல எழுதுனேன்.
செகரட்டரி கண்ணாடியை ஏத்திவிட்டு,
"என்னளா, ஒன் கணக்குல கால் லிட்டர் கொறையுது?"

பதில் சொல்ல வாய் ஒழியலை.
லோட்டாவுக்குள்ள இருந்தேன்.
மிஷின் வேண்டாம்,
நாக்கே சொல்லுது:
நாலு புள்ளி ஒண்ணு.