காந்தம் ஒட்டாத கல்

எர்ஃபூதிலிருந்து தெற்கே ஒரு நாள் ஓட்டம்.
கடைசி நாற்பது கிலோமீட்டருக்குப் பாதை கிடையாது,
பாதை என்று நம்ப ஒரு டயர்த்தடம்,
அதுவும் போன வருடத்து என்னுடையது.
பெட்ரோல் மூடிக்கடியில் மணலைத் தடுக்க
மனைவியின் பழைய காலுறை.
சட்டைப்பையில் நூல் கட்டிய காந்தம்.

இந்த வியாபாரத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள்
அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இத்தோ கூடாரத்துக்கு வெளியே
போர்வையில் பரப்பி வைத்திருந்தாள் பதினேழு கல்.
பதினாறும் காந்தத்தைக் கண்டதும் இழுத்தன.
உருளைக்கிழங்கைப் போல
கிலோக்கணக்கில் போகும் வகை.
பதினேழாவது அசையவில்லை.
கைமுட்டியளவு.
உருகி வழிந்த அரக்கைப் போல் கறுத்து மினுங்கும் தோல்.
ஒரு மூலை மட்டும் விண்டிருந்தது.
உள்ளே
பச்சை.

லென்ஸை எடுக்கும்போதே கை நடுங்கியது,
காற்றைச் சாக்குச் சொன்னேன்.
நகத்தளவு நகத்தளவாகப் படிகங்கள்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து,
நடுவே மண்ணுக்கு இடமே இல்லாமல்.

காசாபிளாங்காவில் கல் அறுக்கும் நவால்
ஒருமுறை எனக்கு விளங்கவைத்திருக்கிறாள்:
சட்டென்று ஆறினால் பொடிப்பொடியாய் உறையும்,
ஆழத்தில், பாறைப் போர்வைக்குள்,
அவசரமே இல்லாமல் ஆறினால்தான்
கற்கண்டு போலப் பருத்து நிற்கும்.
ஏதோ ஒரு குட்டிக் கோளின் அடிவயிறு அது.
யாரோ அதை எட்டி உதைத்திருக்கிறார்கள்.

"இது வானத்துக் கல் இல்லை, சகோதரி.
காந்தமே சொல்லிவிட்டது" என்றேன்.
காந்தம் ஒன்றும் சொல்லவில்லை.
நூலில் தொங்கி
என்னைப் பார்த்தபடி சுழன்றது.

அவள் பதில் சொல்லாமல்
சர்க்கரைக் கூம்பைச் சுத்தியலால் உடைத்தாள்.
தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினாள்.
இரண்டாவது கோப்பையில்தான் வாய் திறந்தாள்:
"காந்தத்துக்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான்.
உனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்."

ஓடிப்போன ஒட்டகத்தைத் தேடி
ஒன்பது நாள் நடந்தாளாம்.
வெளிறிய தரையில் கறுப்பாக எது தெரிந்தாலும்
அதுதான் என்று ஓடினாளாம்.
ஒட்டகம் கிடைக்கவில்லை.
இது கிடைத்தது.
"அதனால் இதன் விலை ஓர் ஒட்டகம்.
பெண். சினையாக இருக்க வேண்டும்."

மூன்று ஒட்டகம் பெறும் என்று எனக்குத் தெரியும்.
இருந்தும் பேரம் பேசினேன்,
கிழட்டு ஆண் ஒட்டகத்தில் தொடங்கி.
வாய்க்குப் பழகிவிட்டது, என்ன செய்வது.
அவள் விலையை இறக்கவில்லை, ஏற்றவுமில்லை,
மெல்ல ஆறினாள்.
நிழல் கூடாரத்தைத் தாண்டி மறுபக்கம் விழுந்தபோது
சினை ஒட்டகத்துக்கே சம்மதித்தேன்.

மடியில் கனம், வழியெல்லாம் பயம்.
எதிரே வந்த லாரி ஒவ்வொன்றுக்கும்
வயிற்றைத் தொட்டுக்கொண்டேன்.

நவாலின் வைர ரம்பத்தில் அது
பதினொரு தகடாயிற்று.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
பச்சைக் கண்ணாடி, உள்ளே விரிசல், விரிசலுக்குள் பொன்.
ஒசாகாவுக்கு ஒன்று, மியூனிக்குக்கு இரண்டு,
அருங்காட்சியகம் ஒன்றுக்குத் தோல் இருக்கும் ஓரத்துண்டு.
ஒவ்வொரு அறுப்பிலும்
ரம்பத்தின் கனத்துக்குக் கல் தூளாகப் போயிற்று.
தட்டில் தேங்கிய அந்தச் சாம்பல் தண்ணீரை
நவால் கழிவறையில் கொட்டினாள்.
எத்தனை கோடி வருடம் என்று கேட்க வாயெடுத்து
வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

அடுத்த மார்ச்சில் போனபோது
கூடாரம் இல்லை.
முளையடித்த குழிகள், அடுப்புக்கரி,
உடைந்த கோப்பை ஒன்று.
வடக்கு நோக்கி ஒட்டகத் தடம்,
பெரிதாக ஒன்று,
அதற்குப் பக்கத்திலேயே தாறுமாறாக,
நேராக நடக்கத் தெரியாத சின்னது ஒன்று.

தடத்தின் ஓரம் கறுப்பாக ஏதோ மினுங்கியது.
பழக்கத்தில் இறங்கி,
மண்டியிட்டு, காந்தத்தைத் தொங்கவிட்டேன்.

ஒட்டவில்லை.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
விரலால் தொட்டேன்.

ஒட்டகப் புழுக்கை.
இன்னும் முழுதாகக் காயவில்லை.