ஐம்பது மில்லி

இரவுப் பணி முடிந்து வருகிறேன்.
போர்ட் சால்மர்ஸ் மேட்டில் ஜூலை மாத உறைபனி.
கார்க் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி
நூலக அட்டையின் ஒரு மூலை போயே போய்விட்டது.

கராஜில் விளக்கு எரிகிறது.
கம்பளித் தொப்பியோடு
கொதிகலன்முன் மண்டியிட்டிருக்கிறான் மர்டோ.
கும்பிடுகிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன்.
வால்வின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கிறான்.

"சொட்டுக்கூட வரமாட்டேன் என்கிறது."

நான் இல்லாத ராத்திரிகளில்
அவனுக்குத் தூக்கம் பிடிக்காது, மால்ட் அரைப்பான்.
ஊறவைத்து, வடித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு,
செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் ஓட்டி ஆறவைத்து,
எல்லாம் ஆன பிறகு
இருபத்துமூன்று லிட்டரும் உள்ளேயே நிற்கிறது,
பேச்சு வார்த்தைக்கு இடமில்லை என்பதுபோல.

இந்த முறை உருண்டை ஹாப்ஸ் வேண்டாமாம்.
முழுப் பூவாம்.
பக்கத்து வீட்டு இஸ்லா டர்ன்புல்
வேலியில் படர்ந்ததை மார்ச்சில் பறித்து
தலையணை உறை நிறையக் கொடுத்திருந்தாள்.

ஊதிப் பார்த்திருக்கிறான்; கன்னம் சிவந்திருந்தது.
சைக்கிள் ஸ்போக்கால் குத்தியிருக்கிறான்.
சுத்தியல் காம்பால் தட்டியிருக்கிறான்.
வைதும் பார்த்திருப்பான், அதைச் சொல்லவில்லை.
"கையை விடட்டுமா?" என்று
தோள்வரை சட்டையைச் சுருட்டினான்.
அந்தக் கை நேற்று நாயைக் குளிப்பாட்டிய கை.

நகரு, என்றேன்.

சிறுநீரகப் பிரிவில் எனக்குப் பதினோரு வருஷம்.
நேற்று இரவு மட்டும் நாலு பேருக்கு அடைப்பு.
ஏழாம் படுக்கை லாக்லன் கீரி
நாற்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்.
என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்
ஆடுகள் ஏன் அசையாமல் கிடந்தன என்று புரிந்தது.
ஐம்பது மில்லி உள்ளே, மெல்ல. இழு. வரவில்லை.
மறுபடி. வரவில்லை.
ஐந்தாம் முறை கட்டி நழுவியது.
அழுதார். அழுததற்கு மன்னிப்புக் கேட்டார்.
பிறகு ரக்பி ஸ்கோர் கேட்டார்.

என் பையில் ஒரு பெரிய சிரிஞ்ச் இருந்தது.
போன மாதத்தோடு தேதி முடிந்து வார்டு தள்ளியது,
உறை பிரிக்காதது.
கேக்குக்குக் கிரீம் பிழிய ஆகுமென்று எடுத்துவந்தேன்.
கலனின் மேல்மட்டத்திலிருந்தே சாறு உறிஞ்சி
வால்வு வாயில் பொருத்தினேன்.

முரட்டுத்தனம் உதவாது இதில்.
தள்ளினால் அடைப்பு இன்னும் இறுகும்,
இழுத்தால் இன்னும் இறுகும்,
இரண்டுக்கும் நடுவே
அது யோசிக்கிற ஒரு நொடி இருக்கிறது.
அந்த நொடிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

உள்ளே ஏதோ விடுபட்டது.
கொதிநீரில் முக்கிய இடுக்கியால்
மர்டோ துழாவி எடுத்தான்:
பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்,
இண்டு இடுக்கெல்லாம் பச்சை இதழ் பின்னி
குருவிக்கூடு மாதிரி.

"அடைக்காமல் இருக்கட்டும் என்று
நான்தான் குழாய் முனையில் சுற்றினேன்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.
நான் சிரிக்கவில்லை.
சிரிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.
அதற்குள் வால்வைத் திறந்தும் விட்டான்,
வாளி இன்னும் சமையலறையில்.

பழுப்புத் தேன் நிறத்தில், மொத்தமாய்,
இரண்டு லிட்டர்
என் வார்டு ஷூவுக்குள்.

கழுவினேன். சரியாகக் கழுவவில்லை போலும்.
அன்று இரவு நடக்கும்போதெல்லாம்
அடிப்பாகம் தரையோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.
ஏழாம் படுக்கை கண்ணைத் திறக்காமல் கேட்டது:
"என்ன சத்தம்?"
மால்ட், என்றேன். பியர் ஆகப்போகிற மால்ட்.
"எத்தனை வாரம்?"
ஆறு.

போர்வைமேல் கிடந்த கையில்
விரல்விட்டு எண்ணினார்.
ஐந்தில் நின்று, கொஞ்சம் யோசித்து,
இன்னொரு கையை
உள்ளேயிருந்து எடுத்தார்.