மார்ச் வரை

சிம் லிம் ஐந்தாம் மாடி, மின்படிக்குப் பின்னால்
ஒரு மேசை அகலம்தான் என் கடை.
செத்த வட்டைக் கொண்டுவருகிறவர்கள்
கூடவே ஒரு கதையையும் கொண்டுவருவார்கள்.
வட்டு நாற்பது கிராம்.
கதைதான் கனம்.

"எஸ்எஸ்டி சாகவே சாகாதாம்,
சுழல்வது ஒன்றுமில்லையே உள்ளே"
என்றார் கல்யாண வீடியோ எடுக்கும் ஹஃபீஸ்.
அப்போது அவர் கையில் இருந்தது
சாகவே சாகாத ஒன்றின் பிணம்.

சுழல்வது இல்லை, உண்மை.
பழைய ஹார்ட் டிஸ்க் பலமுறை
போகும் முன் டக் டக்கென்று கதவு தட்டும்.
இது பெரும்பாலும் தட்டாது.
நேற்று இருந்தது. இன்று கணினி
யாரென்றே தெரியாது என்கிறது,
கடன் கேட்ட பிறகு சொந்தக்காரர் போல.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே நெருப்பே வந்தாலும் புகைவதில்லை.
அதனால்தான் புகையை
ஆளாளுக்கு வாயாலேயே ஊதிக்கொள்கிறார்கள்.

பிடோக்கிலிருந்து வந்தார் திரு குவெக்.
சுங்கை பூலோவில் அவர் பதிவுசெய்த
ஆறாயிரம் பறவைக் குரல்கள், ஒரே வட்டில்.
மின்சாரம் காட்டாவிட்டால் மூன்றே மாதத்தில்
எல்லாம் ஆவியாகிவிடும் என்று
யாரோ சொன்னார்களாம்.
வெள்ளிதோறும் இரவு எட்டு மணிக்குச் செருகிவிட்டு
ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம்,
டிரிப் ஏறுகிறவனுக்குத் துணை இருப்பதுபோல்.

செத்தது ஒரு வெள்ளிக்கிழமை.
எட்டு இருபதுக்கு.
மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தபோது.

அந்த மூன்று மாதக் கதை முன்பே என்னையும் அரித்ததுண்டு.
இரண்டு வட்டை இழுப்பறையில் வைத்தேன்.
ஒன்று புதிது. மற்றது
கம்பெனி சொன்ன கணக்கைத் தாண்டி எழுதி எழுதித் தேய்ந்தது.
இரண்டிலும் அதே நாலாயிரம் கோப்புகள்,
ஒவ்வொன்றின் செக்சமும் காகிதத்தில் அச்சடித்து.
இரவில் ஏசியை நிறுத்திவிடும் கட்டடம் இது;
வெக்கை இலவசம்.

ஒரு வருஷம் கழித்துத் திறந்தேன்.
புதிதில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.
தேய்ந்ததில் பதினொரு கோப்புகள் கெட்டிருந்தன.
பதினொன்று.
ஆவியாகவில்லை.
பத்திரமாகவும் இல்லை.

"அப்ப அது பொய்யா மெய்யா லா?"
பக்கத்துக் கடை வெய் ஜெங் கேட்டான்.
இரண்டு வட்டு, ஒரு இழுப்பறை, ஒரு வருஷம்.
இதை வைத்து நான் தீர்ப்புச் சொன்னால்
நாளைக்கு நானே ஒரு வதந்தி.
"தெரியலை, இன்னும் பார்க்கணும்" என்றேன்.

அன்று சாயங்காலமே
மின்படியில் எனக்கு இரண்டு படி கீழே
ஒரு பையன் இன்னொருவனிடம்:
"மேல ஒரு அக்கா சோதிச்சுப் பார்த்தாங்களாம்டா,
மொத்தமா அழிஞ்சிருச்சாம்."
தோளைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்.
ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

திரு குவெக்கின் ரசீதில்
'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
வட்டின் மூளையான சில்லு பேசவில்லை; அது தெரியும்.
ஏன் பேசவில்லை?
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
அவர் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"காசு வாங்குகிறவர் இப்படி எழுதி
நான் பார்த்ததில்லை" என்றார்.
பாதிக் காசுதான் வாங்கினேன்.

பறவைகள் கிடைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இனி வேண்டாமா?"
"செருகுங்கள், கெடுதல் இல்லை.
ஆனால் இன்னொரு நகல் எடுத்து
மகள் வீட்டில் வையுங்கள்."
எதை நகலெடுப்பது என்று அவர் கேட்கவில்லை.
கிளம்பும்போது வாயைக் குவித்து
மெல்ல ஒரு குரல் எழுப்பினார்,
இரண்டு தரம், கடைசியில் சற்றே இறங்கி.
அது அசலைப் போலவே இருந்ததா?
என்னிடம் அதற்குச் செக்சம் இல்லை.

இழுப்பறையில் இப்போது ஒன்பது வட்டு.
திறக்கும் மாதத்தை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
கேட்பவர்களிடம் "மார்ச்" என்கிறேன்.
யாருக்கும் பிடிப்பதில்லை.