கிடைத்த துணியில்

அனுப்பர்பாளையம் பக்கம் மூன்றாவது மாடி,
தகரக் கூரைக்குக் கீழே என் அறை.
எதிர்க் கட்டடத்து நிட்டிங் மெஷின்கள்
ராத்திரி முழுக்க ஒரே சுருதியில் சுற்றும்.
அந்தச் சுருதிக்கு மேலேதான்
பதினேழு நாளாய் ஒரு கிக்கைச் செய்துகொண்டிருந்தேன்.

கிக் என்றால் ஒன்றும் பெரிதில்லை.
கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில்
நெஞ்சாங்கூட்டைத் தட்டுமே, அந்தத் 'தும்'.
அதன் முன்நுனியை மழித்தேன். வாலை நறுக்கினேன்.
வயிற்றில் ஐம்பது ஹெர்ட்ஸ் ஏற்றினேன், இறக்கினேன்,
டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஏற்றினேன்.
கிக் கடைசி.
கிக் கடைசி இரண்டு.
கிக் நெசமாலுமே கடைசி.
நாற்பத்தொரு கோப்பு. பாட்டு ஒன்றுகூட இல்லை.

அதற்கு முன்னால் ஒரு மெட்டு இருந்தது,
அதைச் சொல்லியாக வேண்டும்.
புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் நிற்கும்போது வந்தது.
நாலே சுரம்; மூன்றாவது மட்டும்
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி கொஞ்சம் தாமதமாய் வரும்.
அறைக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து,
இதற்கு எந்தச் சத்தம் பொருந்துமென்று
சித்த நேரம் தேடலாம் என உட்கார்ந்தேன்.
சத்தம் கிடைத்தபோது மணி மூன்றேகால்.
மெட்டு எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

பகலில் நான் மெர்ச்சண்டைசர்.
டென்மார்க்கிலிருந்து ஒருத்தன் படம் அனுப்புவான்,
கழுத்து இப்படி, கை இவ்வளவு நீளம் என்று.
வெள்ளிக்கிழமை கூரியரில் சாம்பிள் ஏறிவிட வேண்டும்.
அவன் கேட்கிற நீலமோ டையிங்கில்
ஏ, பி, சி, டி என நாலு ஷேடாய்ப் போய்
நாலும் திரும்பி வந்துகொண்டிருக்கும்.
அது அக்கட்ட நடக்கிற சண்டை.
சுகந்தி அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டாள்.
ரேக்கில் கிடந்த மாம்பழ மஞ்சளை உதறினாள்.
கைக்கு ரோஸ். கழுத்துக்குப் பச்சை ரிப்.
"ஏனுங் சுகந்தி, கிளியாட்டம் இருக்குது?"
"அளவுதானுங் கேட்டிருக்கறான்" என்றாள்
ஓவர்லாக்கிலிருந்து காலை எடுக்காமல்.

சாம்பிளில் ஒரு அட்டை கட்டுவது என் வேலை.
எழுதுவது இங்கிலீஷில், அர்த்தம் இதுதான்:
கிடைத்த துணியில் தைத்தது. நிறம் பார்க்க வேண்டாம்.
ஆறு வருஷமாய் எழுதுகிறேன், ஒரு நாளைக்குப் பத்து தடவை.
அன்றைக்குப் பேனா பாதியில் நின்றது.
நிறம் என்ற சொல்லை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கூரியர் பையன் வந்து "அண்ணா, லேட்டாகுது" என்கிற வரைக்கும்.

ராத்திரி அலாரம் இருபத்தைந்து நிமிஷத்துக்கு.
சாஃப்ட்வேரோடு சும்மா வந்த பீப்,
அதுதான் மெட்டு. அதே பீப்பைக் கீழே இறக்கினால் பேஸ்.
கிக்குக்கு மேசையில் முட்டியால் ஒரு தட்டு,
போனில் பிடித்தது; பின்னால் நாய் குரைக்கிறது, குரைக்கட்டும்.
கை தானாக ஃபில்டர் குமிழுக்குப் போனது.
இடது கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
எட்டு பார் முடிந்ததும் அடுத்தது. அதற்கடுத்தது.
மணியடித்தபோது நாலு துண்டு.
மூன்று, கேட்க முடியாத அசிங்கம்.
நாலாவதில் மூன்றாம் சுரம் தாமதமாய் வந்தது.
அந்த மெட்டு இல்லை. அதன் தங்கச்சியாக இருக்கலாம்.

எதிரே ஷிப்ட் மாற மெஷின்கள் அடங்கின.
நாலாவதை மறுபடி ஓட்டினேன்.
கிளியாட்டம் இருந்தது. தோளில் சரியாய் உட்கார்ந்தது.

திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய்.
நேற்று ஒரு கைதட்டல் சத்தத்துக்குள் விழுந்து
ரெண்டரை மணிக்குத்தான் ஏறி வந்தேன்.
இன்றைக்கு ஆபீஸில் ஒரு அட்டையைக்
கயிறோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
லேப்டாப் மூடியில் தொங்குகிறது.
ஃபேன் காற்றுக்கு ஆடி ஆடித் திரையில் இடிக்கிறது,
தாளம் கொஞ்சம் பிசகித்தான்.
போனை எடுத்து அதையும் பிடித்துக்கொண்டேன்.